கடனுக்கு உத்தரவாதம் உண்டு, கூலிக்கு இல்லை

2022 பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்யப்பட்ட ஒன்றிய நிதிநிலை அறிக்கை, சுற்றுலாத் துறை குறித்து ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுள்ளது. விருந்தோம்பலும் அதைச் சார்ந்த சேவைகளும், குறிப்பாகக் குறு, சிறு நிறுவனங்கள் நடத்தும் சேவைகள், பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையை இன்னும் எட்டவில்லை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தமது உரையில் கூறியுள்ளார். தொழிற்சங்கங்கள் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்தது இதைத்தான். நோய் இன்னதென்று சரியாகச் சொன்ன அமைச்சர், அதற்கு எழுதிக்கொடுத்த மருந்து என்ன? அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் 2023 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. உத்தரவாத வரம்பு 50,000 கோடி ரூபாய் உயர்ந்து 5 லட்சம் கோடியானது. உயர்த்தப்பட்ட தொகை முழுவதும் விருந்தோம்பல் மற்றும் அதைச் சார்ந்த தொழில்களுக்கே ஒதுக்கப்பட்டது. அறிவிப்பு இத்துடன் முடிந்துவிட்டது.

50,000 கோடி ரூபாய் என்பது பெரிய எண்தான். ஆனால் அது அரசு செலவிடப்போகும் தொகை அல்ல. வங்கி கொடுக்கும் கடன் திரும்பி வராவிட்டால் அந்த இழப்பை ஈடுசெய்வதாக அரசு தரும் வாக்குறுதி மட்டுமே. பணத்தைக் கொடுப்பது வங்கி. அதை வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டியது கடன் வாங்கியவர். அரசு காப்பாற்றுவது வங்கியின் முதலை. அரசு நேரடியாகச் செலவிடும் தொகையை அறிய வேண்டுமானால் சுற்றுலா அமைச்சகத்துக்கான ஒதுக்கீட்டைப் பார்க்க வேண்டும். 2022-23ஆம் ஆண்டுக்கு அது 2,400 கோடி ரூபாய். பெருந்தொற்று பரவுவதற்கு முன் தாக்கல் செய்யப்பட்ட 2020-21 நிதிநிலை அறிக்கையில் அது 2,500 கோடியாக இருந்தது. துறை நிமிர்ந்து நின்ற காலத்தில் ஒதுக்கியதைவிட, அது படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் குறைவாகவே ஒதுக்கினார்கள்.

இழந்தது யார்?

சுற்றுலா அமைச்சகமே தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுமத்தின் மூலம் ஓர் ஆய்வை நடத்தியது. அதன்படி 2019-20இல் சுற்றுலாத் துறையில் நேரடியாக வேலை பெற்றிருந்தவர்கள் சுமார் 3.48 கோடிப் பேர். 2020-21இன் முதல் காலாண்டில் 1.45 கோடி, இரண்டாம் காலாண்டில் 52 லட்சம், மூன்றாம் காலாண்டில் 18 லட்சம் என வேலைகள் பறிபோயின. மொத்தம் 2.15 கோடி. நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 2019இல் 1.09 கோடியாக இருந்தது. 2020இல் 27 லட்சமாகச் சரிந்தது. கால அட்டவணைப்படி இயங்கும் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டவை. 2022 பிப்ரவரி வரை அவை முறையாகத் தொடங்கப்படவில்லை.

இந்த 2.15 கோடிப் பேர் யார்? விடுதி அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள், சமையல் உதவியாளர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள், படகோட்டிகள், குதிரை ஓட்டிகள், சுமை தூக்குவோர், கடற்கரையில் சுண்டலும் சோளமும் விற்போர், கைவினைப் பொருள் செய்வோர். இவர்களில் மிகப் பலருக்கு நியமன ஆணை இல்லை. வருங்கால வைப்பு நிதி இல்லை. சீசன் முடிந்தால் வேலையும் இல்லை. சுற்றுலாத் துறையின் அந்நியச் செலாவணி வருவாயைப் பற்றிப் பெருமையோடு பேசும் அரசின் பதிவேடுகளில் இவர்களது பெயர் இருப்பதில்லை.

இவர்களுக்கு 2020 மார்ச் மாதத்தில் ஒரே ஒரு சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. பொதுமுடக்கக் காலத்துக்குப் பிடித்தம் ஏதுமின்றிக் கூலி வழங்க வேண்டும் என்று மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் ஆணை பிறப்பித்தது. முதலாளிகள் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. மே 17 அன்று அந்த ஆணையை ஒன்றிய அரசு தானே கைவிட்டது. ஏறத்தாழ ஏழு வாரங்களே உயிரோடிருந்த ஆணை அது. உச்ச நீதிமன்றமும், கூலி வழங்காத முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூனில் கூறியது. வேலையே இல்லாத ஓர் அறைப் பணியாளர், பூட்டிய விடுதியின் உரிமையாளரோடு எதை வைத்துப் பேரம் பேசுவார்? கூலிச் சுமையை அரசு ஏற்கவில்லை, முதலாளியும் ஏற்கவில்லை. அது தொழிலாளியின் தலையில் இறங்கியது. கந்துவட்டிக் கடனாகவும், அடகுக்குப் போன தாலியாகவும், படிப்பை நிறுத்திய பிள்ளையாகவும் அது குடும்பங்களுக்குள் நுழைந்தது.

பூஜ்யத்தில் 40 சதவீதம்

ஒன்றிய அரசின் நிவாரணத் தத்துவத்தைப் புரிந்துகொள்ள அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் விதிகளைப் பார்த்தாலே போதும். 2020 மே மாதம் 3 லட்சம் கோடி ரூபாய் வரம்புடன் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் விடுதி, பயணம், சுற்றுலாத் தொழில்களுக்கெனத் தனிப் பிரிவு 2021 மார்ச் 31 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. முதலில் மூடப்பட்டு, கடைசியில் திறக்கப்பட்ட தொழிலுக்கு ஓராண்டு கழித்தே கடன் வாய்ப்புகூடக் கிட்டியது. அந்தக் கடனின் அளவு எவ்வளவு? 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையிலிருந்த கடனில் 40 சதவீதம் வரை.

அதாவது, ஏற்கெனவே 100 கோடி ரூபாய் கடன் வைத்திருந்த நட்சத்திர விடுதிக்கு மேலும் 40 கோடி கிடைத்திருக்கும். ஒரு நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை கடன் பெற இத்திட்டம் இடமளித்தது. 10 லட்சம் கடனில் இரண்டு அறைகளைக் கட்டி ஹோம்ஸ்டே நடத்தும் குடும்பத்துக்கு 4 லட்சம். வங்கிக் கடனே வாங்க முடியாமல் வட்டிக்காரரிடம் வாங்கித் தேநீர்க் கடை போட்டவருக்குப் பூஜ்யத்தில் 40 சதவீதம். கூலித் தொழிலாளி இந்தக் கணக்கிலேயே வரவில்லை. யாரிடம் சொத்து இருந்ததோ அவருக்கு அந்தச் சொத்தின் அளவுக்கேற்ற உதவி. யாரிடம் உழைப்பு மட்டும் இருந்ததோ அவருக்கு ஒன்றுமில்லை. இது தற்செயலாக நேர்ந்த ஓட்டை அல்ல. நிவாரணத்தை வங்கியின் வழியாக மட்டுமே தருவது என்று முடிவெடுத்த பிறகு, அது வர்க்கப் பாகுபாட்டோடு மட்டுமே போய்ச் சேரும்.

2021 ஜூன் 28 அன்று, இரண்டாம் அலை நாட்டை உலுக்கிய பிறகு, சுற்றுலாத் துறைக்கெனத் தனிக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் வரை. அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வரை. பிணையம் கேட்கப்படாது என்பது நல்ல அம்சம். ஆனால் பயனாளிகள் எத்தனை பேர்? இரு பிரிவினரையும் சேர்த்து 11,000 பேருக்குச் சற்று அதிகம். வேலையிழந்தோர் 2.15 கோடி என்றால், பத்தாயிரம் பேருக்கு ஆறு பேர்கூடத் தேறமாட்டார்கள். அவர்களுக்கும் கிடைத்தது கடன்தான்.

அதே நாளில் வந்த இன்னோர் அறிவிப்பு, முதலில் வரும் 5 லட்சம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இலவச விசா. அரசுக்கு 100 கோடி ரூபாய் செலவாகும் என்று மதிப்பிடப்பட்ட இச்சலுகை 2022 மார்ச் 31 வரைக்கானது. ஆனால் சுற்றுலா விசா வழங்குவதே 2021 அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மீண்டும் தொடங்கியது. உடனே ஒமிக்ரான் வந்துவிட்டது. சலுகை பெறுபவர் பல்லாயிரம் ரூபாய் விமானக் கட்டணம் செலுத்தி வரும் வெளிநாட்டவர். அவர் வரும்வரை இங்கிருக்கும் தொழிலாளி எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

கடனை நிவாரணம் என்று அழைப்பதே பிழை. வாடிக்கையாளர் வரும் தொழிலுக்குக் கடன் உதவும். வாங்கியதைச் சம்பாதித்து அடைக்கலாம். வாடிக்கையாளரே வராத தொழிலுக்குக் கொடுக்கும் கடன், இன்றைய இழப்பை நாளைய தவணையாக மாற்றித் தருகிறது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்பிலும் இதுவே நடந்தது. ஆறு மாதம் தவணை கேட்கவில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. வாடகைக் கார்களுக்குக் கடன் வாங்கிய ஓட்டுநர்கள் ஓடாத வண்டிக்கு வட்டி கட்டினார்கள்.

கேரளத்தின் அனுபவம்

மாநிலப் பொருளாதாரத்தில் சுற்றுலாவுக்குப் பெரிய இடம் உள்ள கேரளத்தில் இந்தப் பிரச்சனை இன்னும் கூர்மையாக எழுந்தது. 2018இலும் 2019இலும் பெருவெள்ளம். இடையில் நிபா வைரஸ். இவற்றையெல்லாம் தாண்டி 2019இல் கேரளத்துக்கு ஏறத்தாழ 1.96 கோடிப் பயணிகள் வந்தனர். சுற்றுலாவால் கிடைத்த மொத்த வருவாய் சுமார் 45,000 கோடி ரூபாய். 2020இல் பயணிகள் சுமார் 53 லட்சமாகவும் வருவாய் சுமார் 11,300 கோடியாகவும் சரிந்தன. ஆலப்புழையிலும் குமரகத்திலும் படகு வீடுகள் வேம்பநாட்டுக் காயலின் கரைகளில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஓடாத படகும் பராமரிப்பு கேட்கும். மரம் நனைந்து உளுத்துப்போகும். மூணாறிலும் தேக்கடியிலும் ஜீப் ஓட்டுநர்கள், அவர்களில் தமிழ் பேசுவோர் பலர், மாதக்கணக்கில் வருவாயின்றி இருந்தனர்.

இடது ஜனநாயக முன்னணி அரசு 2020இல் சுற்றுலாத் துறைக்கென 455 கோடி ரூபாய் கடனுதவித் திட்டத்தை அறிவித்தது. இதில் 355 கோடி தொழில்முனைவோருக்கு: 25 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு முதலாண்டு வட்டியில் பாதியை அரசே ஏற்கும். மீதமுள்ள 100 கோடி தொழிலாளர்களுக்கு: கேரள வங்கியின் மூலம் 20,000 முதல் 30,000 ரூபாய் வரை கடன், 9 சதவீத வட்டியில் 6 சதவீதத்தை அரசு செலுத்தும், தொழிலாளி 3 சதவீதம் செலுத்தினால் போதும். படகு வீடுகளின் பராமரிப்புக்கு, அறைகளின் எண்ணிக்கைக்கேற்ப 80,000 முதல் 1,20,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. 2021இல் தொழிலாளர்களுக்குப் பிணையமின்றி 10,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் தரச் சுழல்நிதி உருவாக்கப்பட்டது.

ஒன்றிய அரசின் திட்டத்திலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? சுற்றுலாத் தொழில் என்றால் முதலாளி மட்டுமல்ல, அங்கே தொழிலாளியும் இருக்கிறார் என்பதைத் திட்டத்தின் வடிவமே ஒப்புக்கொள்கிறது. தொழிலாளியின் பெயரில் தனித் தொகை, தனி வழி. 30,000 ரூபாய் கடனுக்கு அவர் ஓராண்டில் கட்டும் வட்டி ஏறத்தாழ 900 ரூபாய். அதோடு, சுற்றுலாத் தொழிலாளி என்பதற்காக அல்லாமல் குடிமக்கள் என்ற முறையில் எல்லா ரேஷன் அட்டைதாரர்களுக்கும் வழங்கப்பட்ட உணவுப் பொருள் தொகுப்பும், உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீயும் நடத்திய சமூக சமையற்கூடங்களும், சமூக நல ஓய்வூதியங்களும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டன. பொதுமுடக்கத்தின்போது படகோட்டியின் வீட்டில் சோறு வேகக் காரணமாக இருந்தது சுற்றுலாத் திட்டத்தைவிடவும் இந்தப் பொது விநியோகமே.

ஆயினும் பாராட்டோடு நின்றுவிடுவது இடதுசாரி இயக்கத்தின் வழக்கமல்ல. கேரளத்தின் திட்டத்திலும் தொழிலாளிக்குக் கிடைத்தது கடன். வட்டி குறைவானாலும் முதலைத் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பயணிகள் வர வேண்டும். படகு வீட்டுக்குத் தரப்பட்ட மானியம் அறைகளை எண்ணியது. அந்தப் படகை ஓட்டுபவரையும் அதில் சமைப்பவரையும் எண்ணவில்லை. படகு உளுத்துப்போகாமல் காப்பது தேவைதான். ஒரு படகை மட்டும் வைத்துப் பிழைக்கும் சிறு உரிமையாளருக்கு அந்தத் தொகை உயிர்நாடி. ஆனால் மானியம் பெறும் படகில் வேலை செய்தோரை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும், முடங்கிய காலத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை தர வேண்டும் என்ற நிபந்தனை அதனோடு இணைந்திருந்தால், அதே பணம் இரண்டு குடும்பங்களைக் காத்திருக்கும்.

கட்டப்பட்ட கைகள்

அப்படியானால் கேரளம் ஏன் நேரடியாகப் பணம் தரவில்லை? இந்தக் கேள்விக்கு விடை டெல்லியில் இருக்கிறது. பணத்தை அச்சிடும் அதிகாரமும், வரம்பை மீறிக் கடன் வாங்கும் அதிகாரமும் மாநிலங்களுக்கு இல்லை. வரி விதிக்கும் உரிமையின் பெரும்பகுதி ஜிஎஸ்டியோடு போயிற்று. 2020 ஆகஸ்டில், மாநிலங்களுக்குச் சட்டப்படி தர வேண்டிய ஜிஎஸ்டி இழப்பீட்டைப் பற்றிக் கேட்டபோது, இது கடவுளின் செயல் என்றார் நிதியமைச்சர். கடன் வாங்கிச் சமாளியுங்கள் என்று மாநிலங்களுக்கு யோசனை சொல்லப்பட்டது. அதற்கு முன்பே, 2020 மேயில் மாநிலங்களின் கடன் வரம்பு 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் நிபந்தனையின்றிக் கிடைத்தது அரை சதவீதம் மட்டுமே. மீதியைப் பெற, மின் விநியோகம், நகராட்சி வருவாய் போன்றவற்றில் ஒன்றிய அரசு சொல்லும் ‘சீர்திருத்தங்களை’ நிறைவேற்ற வேண்டும். நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுப்பதற்கு முன் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதைப் போன்றது இது.

வட்டி மானியத்துக்கு ஒதுக்கும் ஒரு ரூபாய், வங்கிப் பணத்திலிருந்து பல ரூபாய்களை வெளியே கொண்டுவரும். கை கட்டப்பட்ட மாநில அரசு கடன் வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். ஒன்றிய அரசுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அது வேண்டுமென்றே அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது.

பாஜக ஆளும் உத்தரகண்ட் அரசே 2021 ஜூலையில் சுற்றுலாத் தொழிலில் ஈடுபட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் வீதம் ஆறு மாதங்களுக்குத் தருவதாக அறிவித்தது. ஜம்மு காஷ்மீரில், ஒன்றிய அரசின் நேரடி ஆட்சியில், பதிவுபெற்ற குதிரை ஓட்டிகள், பல்லக்குத் தூக்குவோர் போன்றோருக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் இரண்டு மாதங்களுக்கு அறிவிக்கப்பட்டது. இத்தொகைகள் ஒரு குடும்பத்தின் அரிசி, எண்ணெய்ச் செலவுக்கே காணாது. ஆனாலும் அவை ஒன்றை நிரூபிக்கின்றன: தொழிலாளியின் கையில் நேரடியாகப் பணம் கொடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற வாதம் பொய். பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் அரசு, வேலையின்றி வீட்டிலிருந்த தொழிலாளர்களின் ஊதியத்தில் 80 சதவீதம் வரை, மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்போடு, 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை ஏற்றுக்கொண்டது. அந்த அரசு சோசலிச அரசு அல்ல. முதலாளித்துவத்தைக் காப்பாற்றவே அதைச் செய்தது. இந்திய அரசு அந்த அளவுக்குக்கூடச் செல்லவில்லை.

பணம் இல்லையா?

வருமான வரி வரம்புக்குள் வராத குடும்பங்களுக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் ஆறு மாதங்களுக்கு வழங்க வேண்டும் என்று இடதுசாரிக் கட்சிகளும் மத்தியத் தொழிற்சங்கங்களும் 2020 முதல் கோரிவந்தன. நிதி எங்கே என்று ஆட்சியாளர்கள் கேட்டார்கள். சுற்றுலாத் துறையை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். வேலையிழந்த 2.15 கோடிப் பேருக்கும் தலா 45,000 ரூபாய் கொடுத்திருந்தால் செலவு சுமார் 96,750 கோடி ரூபாய். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியைக் குறைத்ததால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று மதிப்பிட்டது இதே அரசுதான். ஓராண்டு வரிச் சலுகையில் மூன்றில் இரண்டு பங்கு போதும். வேலையிழந்த சுற்றுலாத் தொழிலாளர்கள் அனைவரும் ஆறு மாதம் மானத்தோடு வாழ்ந்திருக்கலாம். அவர்கள் கையில் சென்ற பணம் மளிகைக் கடைக்கும் காய்கறிச் சந்தைக்கும் போய், சிறு வணிகத்தையும் உயிர்ப்பித்திருக்கும். இல்லாதது பணமல்ல, மனம்.

இந்த நிதிநிலை அறிக்கையிலும் திசை மாறவில்லை. சுற்றுலா வேலையை இழந்து கிராமத்துக்குத் திரும்பியவர்களுக்குக் கைகொடுத்த ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கான ஒதுக்கீடு, 2021-22ஆம் ஆண்டின் திருத்திய மதிப்பீடான 98,000 கோடியிலிருந்து 73,000 கோடியாக வெட்டப்பட்டது. ஒரு கையால் விடுதி முதலாளிக்குக் கடன் உத்தரவாதம். மறு கையால் அந்த விடுதி வெளியேற்றிய தொழிலாளியின் மண்வெட்டி வேலைக்கும் வெட்டு.

செய்ய வேண்டியது

ஒமிக்ரான் தணிந்த பிறகு, விடுதிகள் பழைய தொழிலாளர்களைப் பழைய கூலிக்கு அழைக்கும் என்று 2022 தொடக்கத்தில் எதிர்பார்க்க இடமிருக்கவில்லை. நெருக்கடியைக் காரணம் காட்டி நிரந்தர வேலைகளை ஒப்பந்த வேலைகளாக்குவதும், இருவர் செய்த வேலையை ஒருவர் மீது சுமத்துவதும் எல்லாத் துறைகளிலும் நடந்துவருகிறது. பொதுப்பணத்தின் உத்தரவாதத்தோடு கடன் பெறும் நிறுவனம் அதே பணத்தில் ஆட்குறைப்பு செய்வதை அனுமதிக்க முடியாது. ஆகவே முதல் கோரிக்கை: அரசின் உத்தரவாதம், மானியம், வரிச் சலுகை எதைப் பெறும் நிறுவனமும் 2020 மார்ச்சில் தன்னிடம் பணிபுரிந்தோரை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும், கூலியைக் குறைக்கக் கூடாது என்பது சட்ட நிபந்தனையாக வேண்டும்.

இரண்டாவது, பதிவு. யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியல் இல்லாததே கொடுக்காமல் இருப்பதற்கான சாக்காகப் பயன்பட்டது. ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் இணையதளத்தில் அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். ஆனால் பதிவு அட்டையோடு எந்த வருவாய்ப் பாதுகாப்பும் இணைக்கப்படவில்லை. சுற்றுலாத் தொழிலாளர்களுக்கென நல வாரியங்கள், முதலாளிகளின் பங்களிப்போடும் ஒன்றிய அரசின் நிதியோடும், ஒவ்வொரு மாநிலத்திலும் அமைய வேண்டும். வெள்ளமோ தொற்றோ வந்து தொழில் முடங்கினால், விண்ணப்பத்துக்குக் காத்திராமல் வாரியமே மாத உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு வேண்டும். கேரளம் பல துறைகளில் நல வாரியங்களை நடத்திக் காட்டிய மாநிலம். இதிலும் அது வழிகாட்ட முடியும், வழிகாட்ட வேண்டும்.

மூன்றாவது, பெருந்தொற்றுக் காலத்தில் தொழிலாளர்களும் சிறு உரிமையாளர்களும் வாங்கிய சிறு கடன்களைத் தள்ளுபடி செய்து, அச்சுமையை ஒன்றிய அரசு ஏற்க வேண்டும். கேரளத்தின் தொழிலாளி வாங்கிய 30,000 ரூபாயும் இதில் அடங்கும். மாநிலங்களின் நிதி உரிமைக்கான போராட்டமும் படகோட்டியின் கூலிக்கான போராட்டமும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன.

இவை தாமாக நடக்கப்போவதில்லை. சுற்றுலாத் தொழிலாளர்கள் சிதறிக் கிடப்பவர்கள். ஒரு விடுதியில் பத்துப் பேர், ஒரு படகில் மூன்று பேர், ஒரு கடற்கரையில் முப்பது பேர். ஒரே ஆலை வாயிலில் இவர்களைச் சந்திக்க முடியாது. அதனாலேயே தொழிற்சங்க இயக்கத்தின் கவனத்திலிருந்தும் இவர்கள் பல காலம் விடுபட்டிருந்தார்கள். 2022 மார்ச் 28, 29 தேதிகளில் நடத்த மத்தியத் தொழிற்சங்கங்கள் அழைத்த நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்துக்கான தயாரிப்புகள் அந்த நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு நடந்துவந்தன. சுற்றுலா மையங்கள் உள்ள ஒவ்வொரு பகுதியிலும் அத்தகைய பிரச்சாரம் விடுதிகளின் பின்வாசலுக்கும், படகுத்துறைக்கும், வாடகைக் கார் நிறுத்தத்துக்கும் சென்று சேர வேண்டும். வங்கியின் முதலுக்கு உத்தரவாதம் தரும் அரசு உழைப்பவரின் கூலிக்கும் உத்தரவாதம் தர வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து எழ வேண்டும்.